கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் பானை பார்ப்பது எப்படி: முதன்முறை போகிறவர்களுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அருங்காட்சியகம் என்றாலே நடுகல் என்று ஆகிவிட்டது. அதில் நியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளில் இது ஒன்று. ஆனால் நடுகல்லை நின்று பார்க்கிற நாம், பானைகள் இருக்கும் கண்ணாடிப் பேழையை நடந்துகொண்டே பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம். உடைந்த சட்டிதானே, அதில் என்ன பார்க்க இருக்கிறது என்ற நினைப்பு.

பார்க்க நிறைய இருக்கிறது. நடுகல்லில் வீரனின் கதையை யாரோ செதுக்கிச் சொல்கிறார்கள். பானையில் அதைச் செய்தவரின் கை அப்படியே பதிந்திருக்கிறது: எங்கே தட்டினார், எதை வைத்துத் தேய்த்தார், சூளையில் எப்படிக் கவிழ்த்து வைத்தார் என்பதெல்லாம். படிப்போ பயிற்சியோ இல்லாமல், கண்ணை மட்டும் வைத்தே இதில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்துவிடலாம். எந்த வரிசையில், எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும். அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

கிளம்பும் முன்

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே காந்தி சாலையில் இருக்கிறது. 1993இல் தொடங்கப்பட்டது, தமிழ்நாடு அரசு அருங்காட்சியகங்கள் துறையைச் சேர்ந்தது. தருமபுரியிலிருந்து வருகிறவர்களுக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். தருமபுரி ஊரில் இருக்கும் அகழ்வைப்பகம் (தொல்பொருள் காட்சியகம்) வேறு. அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. துறை வேறு என்பதால் விடுமுறை நாளும் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அருங்காட்சியகங்கள் துறையின் மாவட்ட அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை என்பது பொதுவான வழக்கம். எப்படியும் முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவு முன்னால் நிற்பதைப் போல எரிச்சல் தருவது வேறில்லை.

வார நாளில், காலையில் போங்கள். பள்ளிக் குழந்தைகள் கூட்டமாக வரும் நேரத்தில் ஒரு பேழை முன்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது. கையில் ஒரு கோடு போடாத நோட்டு, ஒரு பென்சில், ஒரு சின்ன டார்ச் இருந்தால் போதும். பேனா வேண்டாம், பழம்பொருள்கள் இருக்கும் இடத்தில் மை கசியும் எதையும் கையில் வைத்திருக்காமல் இருப்பது மரியாதை. உள்ளே போனதும் பணியில் இருப்பவரிடம் "பானைகளை நிதானமாப் பார்த்துக் குறிப்பெடுக்கணும், டார்ச் அடிச்சுப் பார்க்கலாமா, படம் எடுக்கலாமா" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருந்தால் கட்டிவிடுங்கள். அருங்காட்சியகத்தின் பொறுப்பாளரான காப்பாட்சியர் இருந்தால் இன்னும் நல்லது. பானையைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் குறைவு என்பதால், கேட்கிறவரிடம் அவர்கள் விருப்பமாகவே பேசுவார்கள்.

உள்ளே போனதும் முதலில் பானைப் பேழைக்குப் போங்கள், நடுகல்லுக்கு அப்புறம். கண் சோர்வதற்குள் சின்னப் பொருள்களைப் பார்த்துவிட வேண்டும். நடுகற்கள் பெரியவை; களைத்த கண்ணுக்கும் தெரியும்.

ஒரு பானையைத் தேர்ந்தெடுங்கள்

பேழையில் இருக்கும் எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். முழுசாக இருக்கும் ஒரு பானை, உடைந்த வாய்ப்பகுதி ஒன்று, இவை இரண்டு போதும். உடைந்த ஓடு எதற்கு என்றால், முழுப் பானையில் பார்க்க முடியாத உள்பக்கமும் வெட்டுமுகமும் அதில்தான் தெரியும்.

முழுப் பானையை அடியிலிருந்து மேலே பாருங்கள். நம் கண் இயல்பாக வாய்க்கும் வேலைப்பாட்டுக்கும் போகும். அதைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, குனிந்து, அடியைப் பாருங்கள். உருண்டையா, தட்டையா? உருண்டை அடி என்றால் அது சமதளத்தில் தானாக நிற்காது. மண் தரையில் சின்னப் பள்ளத்திலோ, மூன்று கல்லின் மேலோ, புரிமனையின் மேலோ உட்கார வைத்திருப்பார்கள். பேழையிலேயே சுடுமண்ணால் செய்த, நடுவில் இடுப்பு ஒடுங்கிய வளையம் போன்ற தாங்கி இருந்தால், அது இந்த உருண்டை அடிக்காகச் செய்ததுதான். இன்னும் சில ஜாடிகளுக்கு மூன்று அல்லது நான்கு கால்கள் இருக்கும். கொங்குப் பகுதியிலும் நம் பக்கத்திலும் இரும்புக்காலக் கல்லறைகளில் கிடைத்த பொருள்களில் இப்படிக் கால் வைத்த ஜாடிகள் உண்டு. கால்களைச் சக்கரத்தில் வனைய முடியாது. தனியாகக் கையால் உருட்டி, பானை பச்சை மண்ணாக இருக்கும்போதே ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் மண்ணை இழுத்து மெழுகிய தடம் தெரிகிறதா என்று தேடுங்கள்.

இந்த உருண்டை அடி எப்படி வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பானை பார்ப்பதே மாறிவிடும். நம் ஊர்க் குயவர்கள் இன்றும் செய்கிற முறை இது. சக்கரத்தில் வாய், கழுத்து, தோள் வரை வனைந்து, அடியில்லாமல் அறுத்து எடுப்பார்கள். ஓரளவு காய்ந்ததும் மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு கையில் வழுவழுப்பான உருண்டைக் கல், வெளியே இன்னொரு கையில் மரத்தட்டுப் பலகை. வெளியே தட்டத் தட்ட, உள்ளே கல் முட்டுக்கொடுக்க, தடித்த மண் மெலிந்து விரிந்து கீழே இறங்கி, கடைசியில் ஓட்டை மூடிக்கொண்டு உருண்டை அடியாகும். அதனால் இப்படிச் செய்த பானையின் மேல்பகுதியில் சக்கரச் சுற்றின் மெல்லிய வரிகள் இருக்கும். வயிற்றுக்குக் கீழே அந்த வரிகள் இருக்காது, அதற்குப் பதில் தட்டிய முகங்கள் இருக்கும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து சாய்த்து அடித்துப் பார்த்தால் அந்தத் தட்டையான முகங்கள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாகத் தெரியும். உடைந்த ஓட்டில் உள்பக்கம் பார்க்கக் கிடைத்தால், கல் பதிந்த சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். அந்தக் குழி ஒவ்வொன்றும் ஒரு தட்டு. சக்கர வரி முடிந்து தட்டு தொடங்குகிற எல்லைக்கோட்டைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றால், அன்றைக்கு வந்த வேலை பாதி முடிந்தது.

கண்ணாடியில் உங்கள் முகமே பிரதிபலித்துத் தொந்தரவு செய்தால், பேழைக்கு நேர் எதிரே நிற்காமல் ஓரத்துக்கு நகருங்கள். போனில் படம் எடுக்கும்போது லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்துவிட்டால் பிரதிபலிப்பு வராது. பிளாஷ் வேண்டாம்.

நிறத்தைப் படிப்பது

நம் பகுதிப் பேழைகளில் அடிக்கடி காண்கிறது கருப்பு-சிவப்புப் பானை. உள்பக்கம் முழுக்கவும் வாய் விளிம்பும் கருப்பு. வெளியே தோளுக்குக் கீழே சிவப்பு. இரண்டு சாயம் பூசியது போலத் தெரியும். சாயம் இல்லை, ஒரே மண்தான். மண்ணில் இருக்கும் இரும்பு, சூட்டில் காற்று நன்றாகக் கிடைத்தால் சிவக்கும். காற்று கிடைக்காமல் புகை சூழ்ந்தால் கரி ஏறிக் கருக்கும். பானையைக் கவிழ்த்து, வாய்ப்பகுதி வைக்கோல், இலைதழை, சாம்பலில் புதையும்படி வைத்துச் சுட்டிருக்கிறார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். புதைந்த வாயும் மூடிய உள்பக்கமும் கருத்தன. காற்றுப்பட்ட வெளிப்பக்கம் சிவந்தது. இருமுறை சுட்டிருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு.

இப்போது கருப்பும் சிவப்பும் சந்திக்கும் கோட்டைப் பாருங்கள். நேர்க்கோடாக இருக்காது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, சில இடத்தில் பழுப்பாகக் கலங்கி இருக்கும். வைக்கோல் எந்தப் பக்கம் உயரமாகக் குவிந்திருந்தது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதன் பதிவு அது. ஒரே பேழையில் இரண்டு மூன்று கருப்பு-சிவப்புப் பானைகள் இருந்தால் அந்தக் கோடுகளை ஒப்பிடுங்கள். ஒன்றுபோல் ஒன்று இருக்காது. எனக்கு இந்தக் கோடுதான் பேழையிலேயே அழகான வேலைப்பாடாகத் தெரிகிறது. யாரும் வரையவில்லை, ஆனால் தெரிந்தே வரவழைத்திருக்கிறார்கள்.

இந்தப் பானைவகை எவ்வளவு பழையது என்பதில் நம் மாவட்டத்துக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்தில் மயிலாடும்பாறையில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2021இல் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கரித்துண்டு மாதிரிகளின் காலம் கணிக்கப்பட்டு, இரும்புப் பயன்பாடு கிமு 2172 வரை பின்னோக்கிப் போகிறது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். இரும்பைப் பற்றிய அந்தச் செய்தி எல்லோருக்கும் தெரிந்தது. பானை பார்க்கிறவர்களுக்கு அதே ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. கருப்பு-சிவப்புப் பானை இரும்புக்காலத்தில்தான் வந்தது என்று நெடுநாளாக நினைத்திருந்தார்கள்; அது புதிய கற்காலத்தின் கடைசிக் கட்டத்திலேயே வந்துவிட்டது என்று மயிலாடும்பாறை காட்டியது. பேழையில் இருக்கும் பானையைப் பார்க்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுடும் உத்தி, இரும்பு உருக்கும் உத்தியைவிடப் பிந்தியது அல்ல.

சாம்பல் நிறப் பானை ஓடுகள் இருந்தால் அங்கேயும் நில்லுங்கள். தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் பெரும்பாலும் சக்கரம் இல்லாமல் கையாலேயே செய்தவை இந்தச் சாம்பல்நிறப் பானைகள். நம் எல்லையை ஒட்டிய பையம்பள்ளியில் இந்தியத் தொல்லியல் துறை 1964–65லும் 1967–68லும் தோண்டியபோது, அடிமண் அடுக்கில் சாம்பல்நிறப் பானைகள், அதற்கு மேல் கருப்பு-சிவப்புப் பானைகள், அதற்கும் மேல் ஓவியம் தீட்டிய செங்காவிப் பானைகள் என்று வரிசையாகக் கிடைத்தன. தருமபுரி மாவட்டத்தில் மோதூரிலும் 2004–05இல் அகழாய்வு நடந்தது. அங்கேயும் புதிய கற்காலத்தில் தொடங்கும் வாழ்விடம். 2024இல் ஊத்தங்கரைப் பக்கம் சென்னானூரில் தோண்டத் தொடங்கினார்கள். இந்த ஊர்ப் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டு போனால், பேழையின் அட்டையில் ஒன்றாவது கண்ணில் படும்போது அது வெறும் பெயராக இருக்காது.

பளபளப்பு எதனால்

முதன்முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இது மேல பாலிஷ் போட்டதா? பீங்கான் மாதிரி மின்னுதே?" பழைய பானைகளில் நீங்கள் காணும் மினுமினுப்பு தேய்த்து வந்தது. பானை பாதி காய்ந்திருக்கும்போது வழுவழுப்பான கூழாங்கல்லாலோ விதையாலோ அழுத்தித் தேய்த்தால், மேற்பரப்பின் மண்துகள்கள் படிந்து, சுட்டபின் பளபளக்கும். பீங்கானில் இருப்பது அப்படி அல்ல. அங்கே கண்ணாடிபோல் உருகிய ஒரு பூச்சு மேலே படிந்திருக்கிறது.

இரண்டையும் பிரித்துப் பார்க்க எளிய வழி உண்டு. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, வெளிச்சப் புள்ளி பானையின் மேல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். பீங்கானில் புள்ளி கூர்மையாக, ஓரம் தெளிவாக விழும். பள்ளத்திலும் அதே மினுமினுப்பு இருக்கும். தேய்த்த பானையில் வெளிச்சம் கலைந்து பரவும்; மேடான இடம் மட்டும் மின்னும், பள்ளம் மங்கலாக இருக்கும். இன்னும் கூர்ந்து பார்த்தால் தேய்த்த திசையில் மயிரிழை போன்ற கோடுகள் தெரியும். சில பானைகளில் வாயைச் சுற்றிக் குறுக்காகத் தேய்த்திருப்பார்கள், வயிற்றில் மேலிருந்து கீழாக. திசை மாறும் இடம் எது என்று தேடுங்கள்.

வீட்டில் ஊறுகாய் ஜாடி இருந்தால், மேலே பழுப்பும் கீழே வெள்ளையும் உள்ள அந்தப் பழைய வகை, கிளம்பும் முன் அதன் மேல் டார்ச் அடித்துப் பழகிவிட்டு வாருங்கள். ஏறக்குறைய 1200 டிகிரியில் சுட்ட கனமான பீங்கான் அது. கல்லறைப் பானைகள் 700இலிருந்து 900 டிகிரிக்குள் சுட்டவை. அதனால்தான் அவை தண்ணீரை உறிஞ்சும், ஜாடி உறிஞ்சாது.

வேலைப்பாடு

அலங்காரம் என்றால் வண்ண ஓவியம் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு நம் பகுதிப் பானைகள் முதலில் ஏமாற்றமாக இருக்கலாம். பொறுமை வேண்டும். நான்கு இடங்களில் தேடுங்கள்.

ஒன்று, ஓவியம். அட்டையில் 'ரசட் கலவை பூசிய பானை' என்று இருந்தால் அதுதான். ரசட் என்றால் செம்பழுப்பு நிறம். வெண்மையான மண் அல்லது சுண்ணாம்பால் பானையின் மேல் கோடுகள் இழுத்து, அதன் மேல் செங்காவியை மெல்லிதாகப் பூசிச் சுட்டிருப்பார்கள். வெள்ளைக் கோடு சிவப்புக்கு அடியிலிருந்து இளம் மஞ்சளாக, மங்கலாகத் தெரியும். பெரும்பாலும் அலையலையான இணைகோடுகள், சாய்கோடுகள், குறுக்குக்கட்டம். கோடுகளுக்கு இடையிலான இடைவெளி சீராக இருந்தால், பல முனை கொண்ட தூரிகையோ சீப்புபோன்ற ஒன்றோ பயன்பட்டிருக்கலாம். இடைவெளி மாறி மாறி இருந்தால் ஒவ்வொரு கோடாகக் கையால் போட்டது. ஒரு கோட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கண்ணால் தொடருங்கள். தொடங்கிய இடம் தடித்தும் முடிந்த இடம் மெலிந்தும் இருக்கும். கை எந்தத் திசையில் போனது என்பது அப்போது தெரிந்துவிடும்.

இரண்டு, அழுத்தம். முதுமக்கள் தாழி, ஈமப்பேழை போன்ற, இறந்தவர்களை அடக்கம் செய்யப் பயன்பட்ட பெரிய கலங்களின் கழுத்தைச் சுற்றிக் கயிறுபோல ஒரு மண்பட்டை ஒட்டி, அதை இடைவெளிவிட்டு விரலால் அழுத்தியிருப்பார்கள். அழகுக்கும்தான், பெரிய கலம் பிளக்காமல் இருக்கவும்தான். அந்த விரல் குழியின் அளவைப் பாருங்கள். சில குழிகளில் நகத்தின் வளைவுகூடப் பதிந்திருக்கும்.

மூன்று, கீறல் குறி. பெரும்பாலும் சுட்டு முடித்தபின் கூரான கருவியால் தோள்பட்டையில் கீறியவை. ஏணி, அம்பு, மீன், நட்சத்திரம், ஒன்றுக்குள் ஒன்று வளைந்த கோடுகள் என்று பல வகை. பானைக்கு உரியவரின் குறி, குலக்குறி, செய்தவர் குறி என்று அறிஞர்களிடையே பல கருத்துகள். எழுத்தா இல்லையா என்ற விவாதத்தில் நுழைவதற்கு முன், சுடுவதற்கு முன் கீறியதா, பின் கீறியதா என்று நீங்களே பார்க்கலாம். ஈர மண்ணில் கீறினால் கோட்டின் இரு ஓரத்திலும் மண் சின்னக் கரைபோல் எழும்பி நிற்கும், கோடு வழுவழுப்பாக இருக்கும். சுட்டபின் கீறினால் ஓரம் சில்லுசில்லாகப் பெயர்ந்திருக்கும், கோட்டின் உள்ளே வெளிப்பரப்பிலிருந்து வேறுபட்ட நிறம் தெரியும். கருப்புப் பானையில் இது பளிச்சென்று தெரியும்.

நான்காவது, வடிவமே. கூம்பு வடிவக் கிண்ணம், குமிழ் வைத்த மூடி, விளிம்பு வெளிப்பக்கம் மடிந்த ஜாடி. ஓவியம் எதுவும் இல்லாத ஒரு கிண்ணத்தின் வாய் விளிம்பு எவ்வளவு மெல்லியது, எவ்வளவு ஒரே சீரானது என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். கல்லறையில் கிடைத்த கிண்ணம் என்றால், செய்தவர் இறந்தவருக்காகவே செய்திருக்கலாம். கல்லறைக்குள் வைத்து மூடிவிடப் போகிற பொருள் என்று தெரிந்தே இந்த நேர்த்தியைக் கொடுத்திருக்கலாம்.

நோட்டை எடுங்கள்

படம் எடுத்தது போதாது, வரையுங்கள். ஓவியம் தெரிய வேண்டியதில்லை. நடுவில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். வலப்பக்கம் பானையின் வெளித்தோற்றம்: வாய், கழுத்து, தோள், வயிறு, அடி என்று வெளிக்கோடு மட்டும். இடப்பக்கம் அதே பானையை நெடுக்காக வெட்டினால் சுவர் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதை வரைந்து, கருப்பாக நிரப்புங்கள். தொல்லியல் அறிக்கைகளில் பானைகளை வரைவது இதே முறையில்தான். எந்தப் பக்கத்தில் எது என்பது மட்டும் அறிக்கைக்கு அறிக்கை மாறும். வரைய உட்காரும்போதுதான், விளிம்பு உள்ளே மடிகிறதா வெளியே மடிகிறதா என்று நீங்கள் கவனிக்கவே இல்லை என்பது தெரியவரும். எழுந்துபோய்த் திரும்பப் பார்ப்பீர்கள். பக்கத்தில் நிறம், எங்கே கருப்பு எங்கே சிவப்பு, கீறல் எங்கே என்று அம்புக்குறி போட்டு எழுதுங்கள்.

அட்டையில் இருப்பதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. மாவட்டப் பெயரை நம்பி இடம் தேட வேண்டாம். சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். அதனால் பழைய அட்டைகளிலும் பழைய அறிக்கைகளிலும் இன்றைய கிருஷ்ணகிரி ஊர்கள் 'தர்மபுரி மாவட்டம்' என்றோ, இன்னும் பழையதானால் 'சேலம் மாவட்டம்' என்றோ இருக்கும். பையம்பள்ளி அப்போது வட ஆற்காடு, இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஊர்ப் பெயரையும் வட்டத்தையும் பிடித்துக்கொண்டு தேடினால் குழப்பம் வராது.

குழந்தைகள் கூட வந்தால்

அவர்களுக்குக் காலம், பண்பாடு என்று பாடம் நடத்த வேண்டாம். வட்டச் சில்லு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்து எடுத்தவை அவை. தமிழ்நாட்டின் பல அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. பாண்டி ஆட ஓட்டாஞ்சில்லு தேய்த்த பிள்ளைகளுக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், நடுகல்லுக்குப் போகலாம்

இப்போது நடுகற்களைப் பாருங்கள், ஆனால் ஒரு வேலையோடு. வீரனின் வாளையும் வில்லையும் விட்டுவிட்டு, அவன் கால்களுக்குப் பக்கத்தில், பின்புறம் பாருங்கள். பல கற்களில் அங்கே சின்னதாகக் கெண்டியும் சிமிழும் செதுக்கியிருப்பார்கள். கெண்டிக்கு மூக்கு உண்டு. சிமிழ் மூடியோடு இருக்கும். இறந்தவனுக்குப் படைக்கும் கள்ளும் நீரும் என்று விளக்குவார்கள். கல்லறைக்குள் உண்மையான பானைகளை வைத்த வழக்கத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, வீரனுக்குப் பக்கத்தில் கலத்தைக் கல்லிலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். பானைப் பேழையில் நேரம் செலவழித்த கண்ணுக்கு இந்தச் சின்னக் கலங்கள் உடனே பிடிபடும். இல்லாவிட்டால் தவறவிடுவோம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்கும் இதே வேலையோடு போகலாம். அங்கே நடுகற்கள்தான் முதன்மை.

பழைய கட்டடம் என்றால் கூரையையும் பாருங்கள்

நம் பக்கத்தில் பழைய அரசுக் கட்டடங்களோ பெரிய வீடுகளோ எதற்குள் போனாலும், தலைக்கு மேலேயும் ஒரு சுடுமண் சேகரிப்பு இருக்கிறது. அரைவட்டமாக வளைந்த சின்ன ஓடுகள் நாட்டு ஓடு. உள்ளூர்க் குயவர் சக்கரத்தில் உருளையாக வனைந்து, ஈரத்திலேயே நெடுக்காகப் பிளந்து, சுட்டவை. தட்டையாக, ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் பள்ளங்களோடு இருப்பவை சீமை ஓடு, மங்களூர் ஓடு. பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவியவை. கீழே இறக்கி வைத்த பழைய ஓடு எங்காவது கிடந்தால் அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையின் பெயரும் ஊரும், சிலவற்றில் ஆண்டும் அச்சாகப் பதிந்திருக்கும். அதில் இருக்கும் ஆண்டு பெரும்பாலும் கம்பெனி தொடங்கிய ஆண்டு. உங்கள் வீட்டின் வயது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குயவர் தெருவுக்கு ஒருமுறை

அருங்காட்சியகம் பார்த்த அதே வாரத்தில் முடிந்தால் சூளை உள்ள ஊருக்குப் போங்கள். பொங்கலுக்கு முன்னாலும் கார்த்திகைக்கு முன்னாலும் வேலை மும்முரமாக இருக்கும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. நிறையக் கேட்க வேண்டுமென்றால் அந்த மும்முரம் முடிந்தபின் போவது நல்லது. மழை பெய்யும் நாளில் சூளை எரியாது. போனால் வெறுங்கையோடு வராமல் ஒரு பானையாவது வாங்குங்கள். பேரம் பேச வேண்டாம். மண்ணும் விறகும் இன்று அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை.

அங்கே இரண்டு விஷயம் கேளுங்கள். தட்டுப்பலகையையும் உள்ளே பிடிக்கும் கல்லையும் காட்டச் சொல்லுங்கள். பேழையில் நீங்கள் பார்த்த குழிகளை உண்டாக்கியது இந்த வகைக் கல்தான். அப்புறம், கருப்புப் பானை வேண்டுமென்றால் சூளையில் என்ன மாற்றுவார்கள் என்று கேளுங்கள். காற்றுப்போகும் வழியை அடைப்பது, பச்சைத்தழை போட்டுப் புகையை உள்ளேயே நிறுத்துவது என்று அவர்கள் சொல்வதைக் கேட்டபின், கருப்பு-சிவப்புக் கோட்டைப் பற்றிப் படிக்க வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

வயலில் ஓடு கிடைத்தால்

பானை பார்க்கப் பழகிய கண்ணுக்கு வெளியேயும் ஓடுகள் தெரியத் தொடங்கும். நம் மாவட்டங்களில் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் பழைய ஓடுகள் மேலே வருவது சாதாரணம். மல்லச்சந்திரம் போன்ற, கற்திட்டை (பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிய பழைய கல்லறை) உள்ள மலைகளுக்குப் போகிறவர்கள் காலடியிலும் பார்க்கலாம்.

எடுக்காதீர்கள். நான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஓடு கிடந்த இடம், அதோடு சேர்ந்து என்ன கிடந்தது, எவ்வளவு ஆழத்தில் என்பதில்தான் அதன் செய்தி முழுவதும் இருக்கிறது. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் ஓடு. கற்திட்டைக்குள் இறங்கிக் கிளறுவதும், பலகைக் கல்லை நகர்த்துவதும் செய்யவே கூடாது. புதையலாசையில் தோண்டிப் பாழாக்கிய கல்லறைகள் ஏற்கனவே ஏராளம். உள்ளே பெரும்பாலும் தங்கம் இருந்ததில்லை, பானை இருந்தது, அதையும் உடைத்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது இதுதான். பக்கத்தில் ஒரு பேனாவோ நாணயமோ வைத்து, அளவு தெரியும்படி ஒரு படம். இடம் தெரியும்படி தள்ளி நின்று இன்னொரு படம். போனில் இருப்பிடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகக் காப்பாட்சியரிடமோ மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமோ படங்களைக் காட்டுங்கள். மண்ணுக்குள்ளிருந்து மதிப்புள்ள பொருள் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களின் விற்பனையையும் ஏற்றுமதியையும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சொந்த நிலத்தில் கிடைத்தது என்பதால் விற்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னும் பார்க்க விரும்புகிறவர்கள் சென்னை போகும்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைப் பாருங்கள். அலெக்சாண்டர் ரீ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுத்தவை. நம் ஊர்க் கல்லறைப் பானைகளோடு எது ஒத்துப்போகிறது, எது மாறுகிறது என்று நோட்டில் வரைந்ததை வைத்தே ஒப்பிடலாம். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.